எஞ்சின் சைக்கிள் கிளம்பவில்லையா? உப்புக்காற்றுக் கரையிலிருந்து கேள்விகளும் பதில்களும்

சைக்கிள் சட்டத்தின் நடுவில் சின்ன டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பூட்டி ஓட்டுகிறவர்களில் மீன் கூடை கட்டுகிறவர்கள் உண்டு, பனங்காட்டுக்குப் போகிறவர்கள் உண்டு, ஆசைக்கு வாங்கிய பையன்களும் உண்டு. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் என் வீட்டு வாசலில் அப்படி ஒரு வண்டி நிற்பதால், வழியில் நின்றுபோன மற்ற வண்டிகளும் அங்கேயே வந்து சேரும். நான் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அல்ல. சொந்த வண்டியைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றவன். கேட்ட கேள்விகளே திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைக்கிறேன். பெடல் மிதித்துக் கிளட்சை விட்டுக் கிளப்பும் கிட் எஞ்சினுக்கானவை இவை. கிக்கர் உள்ள மொபெட்டுக்குப் பாதி பொருந்தும்.

முதலில் எதைப் பார்ப்பது? கார்புரேட்டரைக் கழற்றட்டுமா?

வேண்டாம். வண்டி கிளம்பாத அன்று நம் ஆட்களின் கை தானாகவே கார்புரேட்டருக்குத்தான் போகும். கைக்கு எட்டும் இடத்தில் அது இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எஞ்சின் கிளம்ப மூன்று வேண்டும்: பிளக்கில் பொறி, உள்ளே பெட்ரோல், பிஸ்டனுக்கு மேல் அழுத்தம். இந்த மூன்றில் எது இல்லை என்று தெரிந்த பிறகு கழற்றலாம்.

அதற்கும் முன்னால், பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, கைப்பிடியில் இருக்கும் நிறுத்தும் சுவிட்ச் சரியான பக்கம் இருக்கிறதா, கிளட்ச் லீவரின் பூட்டு விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். என் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்த வண்டிகளில் சிலவற்றுக்கு நான் செய்த ஒரே வைத்தியம் டேப்பைத் திருகியதுதான்.

பிறகு ஐந்தாறு தடவை மிதித்துப் பார்த்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால் பெட்ரோல் வந்து சேர்கிறது என்று பொருள், பொறியைச் சந்தேகப்படுங்கள். சருகாகக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரும் வழியில் அடைப்பு. கறுப்பாக மை அப்பியது போல இருந்தால் ஆயில் கூடிவிட்டது, அல்லது சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் மூடி) திறக்காமலே நாள் கணக்கில் ஓட்டியிருக்கிறீர்கள்.

கிளப்பும் முறையே எனக்குச் சரியாகத் தெரியாது. எப்படிக் கிளப்புவது?

டேப்பைத் திறந்து, கார்புரேட்டரின் மேல் இருக்கும் சின்னப் பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் லீவரை மேலே தூக்குங்கள். இந்த வகைக் கார்புரேட்டரில் மேலே என்றால் சோக் மூடியிருக்கிறது. கிளட்சைப் பிடித்தபடி நாலு மிதி மிதித்து வேகம் எடுத்ததும் கிளட்சை முழுவதுமாக விட்டுவிட்டு, மிதிப்பதை நிறுத்தாமல் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுங்கள். பாதி விட்டுப் பாதி பிடித்தால் கிளட்ச்தான் தேயும். ஓட ஆரம்பித்ததும் சோக்கைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்குங்கள்.

பொறி வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கழற்றிய பிளக்கை மறுபடியும் ஒயர் முனையில் இருக்கும் கேப்பில் செருகி, அதன் மரைப் பகுதி சிலிண்டர் தலையின் உலோகத்தில் படும்படி வையுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளியே இருக்கட்டும். அந்தத் துளை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி, கிளட்சை விட்ட நிலையில் பெடலைக் கையால் வேகமாகச் சுற்றச் சொல்லுங்கள். பட்டப்பகலில் இந்தப் பொறி தெரியாது. நிழலில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு பாருங்கள். நீலமும் வெள்ளையுமாகச் சட்சட்டென்று அடித்தால் நல்லது. மஞ்சளாக, இருமிக்கொண்டு வந்தால் போதாது. பிளக்கை உலோகத்தில் படவைக்காமல் வெறும் கேப்பைத் தொங்கவிட்டுச் சுற்றிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பிளக்குக்குப் பொறி மின்சாரம் அனுப்பும் சி.டி.ஐ. பெட்டிக்கே ஆபத்து, பிடித்திருப்பவர் கைக்கும் ஆபத்து.

பொறி இல்லையென்றால் முதலில் வேறு பிளக் போட்டுப் பாருங்கள். கிட்டோடு வரும் பிளக்கை நான் நம்புவதில்லை. இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளக்கக் கருவி இல்லாதவர்கள் சாதாரண ஆக்சா பிளேடை நுழைத்துப் பார்க்கலாம். அதன் தடிமன் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

விடிகாலையில் எவ்வளவு மிதித்தாலும் கிளம்ப மாட்டேன் என்கிறது. பத்து மணி வெயிலில் ஒரே மிதியில் கிளம்புகிறது. இது என்ன மாயம்?

மாயம் உப்பில் இருக்கிறது. நம் கரையில் வண்டி கிளம்பாததற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். வெளியூரில் எழுதப்பட்ட குறிப்புகள் எதிலும் இதற்கு முதலிடம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

எஞ்சினை நிறுத்தும் சுவிட்சை, கில் சுவிட்சை, எடுத்துக்கொள்ளுங்கள். பொறிக்குப் போக வேண்டிய மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடுவதுதான் அதன் வேலை. கடற்காற்று கொண்டுவரும் உப்பு அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். இரவெல்லாம் கசிந்த உப்பு நீர் சுவிட்சுக்குள் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் பாலம் போட்டுவிடுகிறது. சுவிட்சை யாரும் அழுத்தவில்லை, ஆனால் எஞ்சினுக்கு அது அழுத்தப்பட்ட மாதிரிதான். வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் பாலம் அறுந்து வண்டி கிளம்புகிறது.

எனக்கு இது புரிய ஒரு ஐப்பசி மாதம் முழுவதும் ஆனது. மூன்று முறை கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டினேன். ஒரு கடையில் புதுக் காயில் (பொறிக்கான மின்சாரம் பிறக்கும் கம்பிச் சுருள்) போடச் சொன்னார்கள், போட்டேன், மறுநாள் விடியலில் அதே கதை. கடைசியில் வெறுத்துப்போய்ச் சுவிட்சைத் திறந்தால், நகம் அளவே உள்ள இரண்டு பித்தளைத் தகடுகள் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தன. அவற்றின் இடுக்கில் வெள்ளையாக, உப்பளத்துப் பாத்தியின் ஓரத்தில் படிவது போல ஒரு பொருக்கு. உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசி மூடினேன். அன்றிலிருந்து விடிகாலைத் தகராறு இல்லை. உப்பு செய்த வேலையை உப்புத்தாள் சரிசெய்தது என்று என் மனைவி இன்றும் கேலி செய்வாள்.

ஆகவே, பொறி இல்லையென்றால் கில் சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் முற்றிலும் பிரித்துவிட்டு, முனைகள் எதிலும் படாமல் இன்சுலேஷன் டேப் சுற்றி, மறுபடி பொறியைச் சோதியுங்கள். வந்துவிட்டால் குற்றவாளி அகப்பட்டான். சுவிட்ச் இல்லாத எஞ்சினை நிறுத்தத் தெரிய வேண்டும்: டேப்பை மூடி, சோக்கை ஏற்றினால் நின்றுவிடும். ஆனாலும் சுவிட்ச் இல்லாமல் சாலையில் ஓட்டாதீர்கள். சோதனைக்கு மட்டும் போதும்.

நீலம், கறுப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர் வருகிறது. எதை எதோடு சேர்ப்பது?

எஞ்சினின் நீலம் சி.டி.ஐ. பெட்டியின் நீலத்தோடு, கறுப்பு கறுப்போடு. கில் சுவிட்ச் இந்த இரண்டுக்கும் குறுக்கே வரும். வெள்ளையை விட்டுவிடுங்கள். அது விளக்குக்கென்று விடப்பட்டது; அதில் விளக்கு கட்டினால் பொறி பலவீனப்படும், அதன் நுனி சட்டத்தில் பட்டால் பொறியே போய்விடும். நுனியை வெட்டாமல் இன்சுலேஷன் டேப் சுற்றி மடித்துக் கட்டுங்கள்.

கிட்டில் வரும் செருகு இணைப்புகள் நம் ஊருக்கு ஆகாது. ஒரு மழைக்காலம் தாண்டாது, உள்ளே பச்சை பூத்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ரப்பர் உறை இழுத்துவிடுங்கள். வானொலிப்பெட்டி பழுதுபார்க்கிற யாரும் பத்து நிமிடத்தில் செய்துகொடுப்பார்கள்.

எல்லாம் சரி, பொறி இன்னும் இல்லை. காயில் போய்விட்டதா, சி.டி.ஐ. போய்விட்டதா?

மல்டிமீட்டர் இருந்தால் சி.டி.ஐ. பெட்டியைப் பிரித்துவிட்டு எஞ்சினிலிருந்து வரும் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 300 முதல் 400 ஓம் வரை காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. சில ஓம் மட்டும் காட்டினால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சினில் ஒயர் வெளியே வரும் பக்கத்து மூடியைத் திறந்தால் காயில் தெரியும். அங்கே துரு நீர் தேங்கியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒயர் வெளியே வரும் ஓட்டை வழியாகத்தான் மழையும் உள்ளே போகும். அதைச் சிலிக்கான் பசை வைத்து அடையுங்கள்.

சி.டி.ஐ. பெட்டியை மீட்டர் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஓடுகிற வண்டியிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். ஜூனில் எடுத்தால் கிளம்பவே இல்லை. ஏப்ரலில் நன்றாகத்தான் ஓடியது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, அந்த மீனை நம்பிய சைக்கிள்களும் நின்றுவிடுகின்றன. ஜூன் மூன்றாம் வாரத்தில் என் வாசலில் கூட்டம் கூடுவது இதனால்தான். காரணங்கள் மூன்று.

முதலாவது, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் கிடந்த பெட்ரோல் காற்றாகப் போய், ஆயிலும் பிசினும், பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையில் இறுகியிருக்கும். இப்போது கார்புரேட்டரைக் கழற்றலாம், அனுமதி உண்டு. கிண்ணத்தை எடுத்து, நடுவில் இருக்கும் பித்தளை ஜெட்டைத் திருகி எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் பெட்ரோலில் ஊறவைத்து, கிழிந்த தங்கூசி (நைலான் இழை) வலையிலிருந்து ஒரு இழையை உருவி உள்ளே விட்டு எடுங்கள். கம்பியோ ஊசியோ போட்டால் பித்தளை அரைபட்டுத் துளை பெரிதாகிவிடும். அப்புறம் வண்டி பெட்ரோலைக் குடிக்கும், ஓடாது. திரும்பப் பூட்டும்போது, ஆக்சிலேட்டர் கேபிளோடு வரும் உருளையின் வெட்டு அதற்குரிய இடத்தில் பொருந்துகிறதா என்று பார்த்து மூடுங்கள். மாறிப்போனால் வண்டி கிளம்பியதும் முழு வேகத்தில் கத்தும், குறைக்க முடியாது.

இரண்டாவது குளவி. சைலன்சர் வாய்க்குள் மண்கூடு கட்டிவிடும். புகை வெளியேற வழியில்லாத எஞ்சின் கிளம்பாது. குச்சி விட்டுப் பாருங்கள். டேங்க் மூடியில் காற்றுப் போகும் ஊசித்துளையும் இப்படித்தான் அடைபடும். மூடியைத் தளர்த்தினால் வண்டி ஓடுகிறது, இறுக்கினால் சற்று நேரத்தில் நிற்கிறது என்றால் அதுதான்.

மூன்றாவதுக்குத் தனிக் கேள்வியே வந்திருக்கிறது.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்கிறார்கள். பங்கில் ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றாமலே தண்ணீர் சேரும். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். பாதி நிரம்பிய டேங்க் இரண்டு மாதம் கடற்கரையில் நின்றால், உள்ளே இருக்கும் ஈரக்காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பிரிந்து அடியில் போய்த் தங்கும். டேப் அடியிலிருந்துதானே எடுக்கிறது? அதனால் எஞ்சினுக்கு முதலில் போவது அந்தக் கஷாயம்.

சோதிப்பது எளிது. டேப்பிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்குத் தெரிந்தால் டேங்கை முழுவதும் காலி செய்யுங்கள். மேலே இருக்கிற நல்லதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்ற சிக்கனம் வேண்டாம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடுதான் போகிறது; அடியில் பிரிந்த அடுக்கில் அந்த ஆயில் இருக்காது. அதைக் குடித்து ஓடினால் பிஸ்டன் காய்ந்துபோய்ச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். நிறுத்திவைக்கப் போகிறீர்கள் என்றால் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கிண்ணம் காலியாகிவிடும்.

ஆயில் எவ்வளவு கலப்பது?

புது எஞ்சினுக்கு முதல் சில லிட்டர் வரை லிட்டருக்கு 60 மில்லி, பிறகு 40 முதல் 50 மில்லி. டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயில் மட்டும். இருமல் மருந்தோடு வரும் 10 மில்லி மூடியால் ஐந்து முறை ஊற்றினால் 50. படகுக்காரர்கள் கண்ணளவில் ஊற்றுவதைப் பார்த்து நீங்களும் ஊற்றாதீர்கள். கூடினால் பிளக் கறுத்து நிற்கும், குறைந்தால் எஞ்சினே போகும்.

ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. பிளக்கில் பெட்ரோல் சொட்டுகிறது.

டேப்பை மூடுங்கள், சோக்கைக் கீழே இறக்குங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்தபடி பின்சக்கரத்தைத் தூக்கி நன்றாகச் சுற்றுங்கள்; உள்ளே தேங்கியது துளை வழியாகத் தெறிக்கும், முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். பிளக்கைத் துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். அடுப்பில் காட்டிச் சூடாக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பெட்ரோல் நனைந்த கையோடு அடுப்பங்கரைக்குப் போகலாமா?

இரவில் டேப்பைத் திறந்தே விட்டுக் காலையில் இப்படி ஆகிறது என்றால், கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோலை நிறுத்தும் மிதவையின் ஊசி சரியாக மூடவில்லை. அதன் நுனியில் ஒரு மணல் துகள் இருந்தாலே போதும்.

சோக் போட்டால் கிளம்புகிறது, எடுத்தால் உடனே நிற்கிறது.

எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது, அல்லது ஜெட் பாதி அடைத்திருக்கிறது. கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் குழாயின் இரண்டு மூட்டுகளிலும் எஞ்சின் ஓடும்போது சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். நுரை உள்ளே உறிஞ்சப்பட்டாலோ எஞ்சின் சத்தம் மாறினாலோ அங்கே கேஸ்கெட் மாற்றுங்கள்.

மிதிக்கிறேன், சைக்கிள் போகிறது, எஞ்சின் சுழலவே இல்லை. தம்பி வண்டியிலோ கிளட்சை விட்டதும் சக்கரமே பூட்டிக்கொள்கிறது.

உங்களுடையது கிளட்ச் வழுக்கல். கேபிள் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கும். லீவரில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும்படி தளர்த்துங்கள். அப்படியும் வழுக்கினால் தட்டில் கிரீஸ் ஏறியிருக்கும்.

தம்பியின் வண்டி வேறு கதை. பிளக்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் பீய்ச்சியடித்து, பிறகு சுழன்றால் உள்ளே பெட்ரோல் தேங்கியிருந்தது, அவ்வளவுதான். அப்போதும் அசையவில்லையென்றால் பிஸ்டன் பிடித்துவிட்டது. கடைசியாக எப்போது ஆயில் கலந்தான் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் தலையைச் சொறிவான்.

பொறி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது. அப்படியும்?

பிளக் துளையைக் கட்டை விரலால் அழுத்தி மூடி, எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிவிட வேண்டும். மெதுவாக மூச்சு விடுவது போல இருந்தால் அழுத்தம் இல்லை. தலைப்பகுதி நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, ஒரே சீராக இறுக்குங்கள். பிறகும் இல்லையென்றால் கேஸ்கெட்டோ பிஸ்டன் வளையமோ போயிருக்கும். தனுஷ்கோடிப் பக்கம் அதிகம் ஓட்டுகிறவர்களுக்கு வளையம் சீக்கிரம் தேயும். 2017ல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு எல்லாருக்கும் அங்கே போகும் ஆசை. காற்றடிக்கும் நாளில் அந்தச் சாலையின் குறுக்கே மணல் பாம்பு போல நெளிந்து ஓடும். ஏர் ஃபில்டரின் ஸ்பாஞ்சைச் சோப்பில் கழுவி உலர்த்தி, இரண்டு சொட்டு ஆயில் விட்டுப் பிசைந்து போடுங்கள். ஸ்பாஞ்சைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓட்டினால் இழுவை நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். மூன்று மாதம் நன்றாக இருந்தது.

(பஞ்சரைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். அதைச் சீமைக் கருவேல மரத்திடம்தான் கேட்க வேண்டும்.)

பாம்பன் பாலத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

பாலத்தின் மேல் எதையும் கழற்றாதீர்கள். 1988ல் திறந்த சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். வாடைக்காற்றில் கையிலிருக்கும் பிளக் கேப் கடலுக்குப் போவதற்கு ஒரு நொடி போதும். ரயிலையும் கப்பலையும் வேடிக்கை பார்க்க வண்டிகளை நிறுத்தும் கூட்டம் வேறு. கிளட்சைப் பிடித்துப் பூட்டிவிட்டால் அது வெறும் சைக்கிள், மிதித்து இறங்கிவிடுங்கள்.

இதற்கு லைசென்ஸ், பதிவு எல்லாம் வேண்டுமா? 80 சிசி என்று போட்டிருக்கிறது.

80 சிசி என்று விற்பதில் பெரும்பாலானவற்றின் சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 38. சிலிண்டரின் கொள்ளளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 66 சிசிதான் வரும். மோட்டார் வாகனச் சட்டம், 1988ன்படி நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சின் இருந்தால் மட்டுமே அது மோட்டார் வாகனம் என்ற கணக்கில் வராது. 66 வரும். பதிவும் இன்சூரன்சும் லைசென்சும் இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்டி மாட்டினால் வாதாட இடமில்லை. இதைச் சொல்லும்போது பலருக்கு முகம் சுருங்கும். வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

மீன் தண்ணீர் வடிந்து எஞ்சின் மேல் படுகிறது. கழுவலாமா?

கழுவத்தான் வேண்டும், ஆனால் நல்ல தண்ணீரில், எஞ்சின் ஆறிய பிறகு. கார்புரேட்டர் வாயையும் பிளக் கேப்பையும் பாலித்தீன் சுற்றி மூடிக்கொள்ளுங்கள். கழுவியதும் பத்து நிமிடம் ஓட்டிச் சூட்டில் காயவிடுங்கள். கில் சுவிட்சுக்கும் ஒயர் இணைப்புகளுக்கும் மாதம் ஒரு முறை கிரீஸ். கூடையின் அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டைக் கட்டி, ஓட்டையைப் பின்பக்கமாக விட்டால் ஐஸ் தண்ணீர் எஞ்சின் பக்கமே வராது.